தேர் வடமும் தெரு எல்லையும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசியிருக்கிறோம், நிலம் பேசியிருக்கிறோம், கல்வி பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு நான் திருவிழாவைப் பேசலாம் என்று அனுமதி கேட்டபோது, ஏற்பாட்டாளர்களில் ஒரு தம்பி தயங்கினார். "சாமி கும்பிடறதப் பத்தி நாம எதுக்குண்ணே பேசணும்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலாகவே இந்த உரையைத் தயாரித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். என் தாத்தா எங்கள் ஊர் அம்மன் தேருக்கு முன்னால் பறை அடித்தவர். காப்புக் கட்டிய நாளிலிருந்து தேர் நிலைக்கு வரும் நாள்வரை அவர் இல்லாமல் எதுவும் தொடங்காது. அதற்கு ஈடாக அவருக்கு ஒரு வேட்டி, ஒரு மரக்கால் நெல், வெட்டிய கடாயின் தலை. தேர் எங்கள் தெருவுக்கு வராது. தெருமுனையில் ஒரு வேப்பமரம் உண்டு. அதற்கு முன்னாலேயே தேர் திரும்பிவிடும். தாத்தாவின் பறை தேருக்கு முன்னால் ஊர் முழுக்கப் போகும். ஆனால் தேர் அவர் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. 1980களில் என் அப்பா பறையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாத்தா அவரோடு மாதக்கணக்கில் பேசவில்லை. "அது நம்ம மொறைடா, அத வுட்டுட்டா ஊர்ல நமக்கு என்ன இருக்கு?" என்பது தாத்தாவின் வாதம். "அது மொறை இல்ல, இழிவு" என்பது அப்பாவின் வாதம்.

இந்த இரண்டு வாதங்களுக்கும் நடுவில்தான் நம் திருவிழா வரலாறு கிடக்கிறது. முறை என்பது உரிமையா, இழிவா? இதை வீட்டுச் சண்டையாக விட்டுவிடாமல் வரலாற்றுக் கேள்வியாக மாற்றிப் பார்ப்போம்.

திருவிழா என்னும் ஊர்ப் பதிவேடு

முதலில் வழக்கங்களைப் பார்ப்போம். பெருங்கோயில்களின் ஆண்டுத் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பல ஊர்களில் காவல் தெய்வத்திடம் அனுமதி பெறவேண்டும். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறும் முன் துர்க்கையம்மனுக்கும் பிடாரியம்மனுக்கும் விழா நடக்கிறது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவுக்கு முன் கோலவிழி அம்மனுக்கு வழிபாடு நடக்கிறது. சிவன் புறப்படுவதற்கு முன் ஊரின் எல்லையைக் காக்கும் தாய் சம்மதிக்க வேண்டும். பெருந்தெய்வம் பின்னால் வந்தது, எல்லைத் தெய்வம் முன்பே இருந்தது என்பதை இந்த வழக்கம் இன்னும் நினைவில் வைத்திருப்பதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

கொடியேறிய பின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாகனம், ஒவ்வொரு மண்டகப்படி. ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தேர். முடிவில் தீர்த்தவாரி, கொடியிறக்கம். கருவறைக்குள் வர முடியாதவர்களுக்காகக் கடவுளே வெளியே வருகிறார் என்பது இதற்குச் சொல்லப்படும் பக்தி விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வெளியே வரும் கடவுள் எந்தத் தெருவழியாக வருகிறார் என்று கேட்டால் அந்த அழகு குலைகிறது. நான்கு மாட வீதி, நான்கு ரத வீதி என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீதிகளில் யார் குடியிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தேர் போகும் பாதையே ஊர். தேர் திரும்பும் இடத்தோடு ஊர் முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது சேரி. எழுத்தில் இல்லாத நில அளவைப் படத்தை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ச் சக்கரம் வீதியில் வரைந்து காட்டுகிறது.

மண்டகப்படியும் அப்படித்தான். ஒரு நாள் ஒரு சாதிக்கு, இன்னொரு நாள் இன்னொரு சாதிக்கு, ஒரு நாள் வணிகர்களுக்கு, ஒரு நாள் அரசு அலுவலகத்துக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலைக்கு, விபூதி யார் கையில் முதலில் விழுகிறது என்பதெல்லாம் வரிசை மாறாமல் நடக்கவேண்டும். பத்து நாள் முடிவில் அந்த ஊரில் யார் பெரியவர், யார் அடுத்தவர், யார் கணக்கிலேயே இல்லாதவர் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. திருவிழா ஊரின் பதிவேடு என்று நான் சொல்வது இதனால்தான். நிலப் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கும். மரியாதைப் பதிவேடு வீதியில் வாசிக்கப்படும்.

ஒரு நாள் உரிமைகள்

இந்தப் பதிவேட்டில் நம்மை வியக்க வைக்கும் சில வரிகள் உண்டு. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் பறையர் பற்றிய பகுதியைப் படித்தவர்களுக்கு இவை தெரிந்திருக்கும். திருவாரூர்த் திருவிழாவில் இறைவன் ஏறிவரும் யானையிலேயே ஒரு பறையரும் ஏறி, அவருக்குச் சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்தார். யானையேறும் பெரும்பறையர் என்று நம் வழக்கில் சொல்லப்படுபவர் இவரே. சென்னைக் கறுப்பர் பட்டணத்தின் காவல் தெய்வமான ஏகாத்தாளுக்கு ஆண்டுத் திருவிழாவில் தாலி கட்டும்போது, நகரத்தார் அனைவரின் சார்பிலும் மணமகனாக நின்றவர் ஒரு பறையர். கர்நாடகத்தின் மேலக்கோட்டையில் ஆண்டில் மூன்று நாள் தீண்டப்படாத மக்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமை இருந்தது. அங்கே அவர்களுக்குத் திருக்குலத்தார் என்ற பெயரை இராமானுஜரே கொடுத்தார் என்பது வைணவ மரபு.

தர்ஸ்டனுக்கு முன்பே, 1874இல், இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வால்ஹவுஸ் என்ற அதிகாரி இத்தகைய உரிமைகளைத் தொகுத்து எழுதினார். தாழ்த்தப்பட்ட சாதிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கிடைக்கும் இந்த மதிப்பு, இந்த மண்ணில் அவர்களுக்கு ஒருகாலத்தில் இருந்த உயர்ந்த நிலையின் எச்சமாக இருக்கலாம் என்பது இவற்றிலிருந்து பலர் எடுத்த முடிவு. நம் முன்னோடிகள் இந்தச் சான்றுகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் அதற்கும் முன்பே, 1907இல் தொடங்கிய தம் இதழான தமிழனில், பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். அவர் திருவிழாக்களை ஒதுக்கித் தள்ளவில்லை. அவற்றைத் திரும்ப வாசித்தார். தீபாவளியை எள்ளிலிருந்து நெய் கண்ட நாளாகவும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய் கண்ட நாளாகவும் பௌத்த மடங்களோடு இணைத்து விளக்கினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அசுரனைக் கொன்ற நாள் என்று சொல்லப்பட்ட ஒன்றை மக்களுக்குப் பயன்பட்ட ஒரு கண்டுபிடிப்பின் நாளாக மாற்றிச் சொன்னாரே, அந்தத் துணிவை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பண்டிகையின் பொருளைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை அவர் எழுப்பினார்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. யானையேறியதையும் தாலி கட்டியதையும் வாசித்துப் பெருமைப்பட்டு நின்றுவிடக் கூடாது. அந்த உரிமைகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எல்லாமே ஒரு நாள், அல்லது மூன்று நாள். யானையிலிருந்து இறங்கியதும் அவர் தன் தெருவுக்குத்தான் போகவேண்டும். திருவாரூர் மரபோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையைப் பாருங்கள். அம்பர் மாகாளத்தில் சோமாசிமாற நாயனார் வேள்வி செய்கிறார். தியாகராசர் புலையர் கோலத்தில், இறந்த கன்றைச் சுமந்து, நாய்களோடு, பறை முழங்க வருகிறார். உமை கள்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறாள். வேள்விக்கு வந்த அந்தணர்கள் ஓடுகிறார்கள், நாயனாரும் மனைவியும் மட்டும் நிற்கிறார்கள். வைகாசி ஆயில்யத்தில் இன்றும் அந்த விழா நடக்கிறது. கதை நம்மைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் கதையின் முடிவில் புலையர் கோலம் கலைந்து கடவுள் வெளிப்படுகிறார். வந்தவர் உண்மையிலேயே புலையராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கதை கேட்பதில்லை. நந்தனார் கதை அதற்குப் பதில் சொல்கிறது. கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்த அவர், தில்லைக்குள் போக நெருப்பில் மூழ்கி எழவேண்டியிருந்தது. அவர் கொடுத்த தோல் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது.

வடம் எப்போது தீட்டானது?

இப்போது தேர் வடத்துக்கு வருவோம். தேர் என்பது முதலில் ஒரு பாரம். திருவாரூர் ஆழித்தேர், அலங்காரம் கட்டி நிற்கும்போது தொண்ணூறு அடிக்கும் மேல் உயரம் கொண்டது. எடை நூற்றுக்கணக்கான டன். அச்சு, சக்கரம், பார், அதற்கு மேல் மூங்கில் கட்டு, சீலை, தொம்பை என்று ஒரு கட்டடமே நகரவேண்டும். முன்னால் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள். பின்னால் நெம்புகோல் போட ஆட்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்ப, உயிரைப் பணயம் வைக்கும் சிலர். கோயிலுக்குள் இருக்கும் பூசையை நான்கு பேர் செய்துவிட முடியும். தேரை நான்கு பேரால் நகர்த்த முடியாது.

இந்தப் பாரம்தான் ஒரு விசித்திரமான விதியை உருவாக்கியது. காஞ்சிபுரம், கும்பகோணம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெருந்தேர்களைப் பறையர்களும் சேர்ந்து இழுத்தார்கள் என்றும், அவர்கள் கைபட்டதால் வடம் தீட்டாவதாகக் கருதப்படவில்லை, மற்ற இந்துக்களும் அதே வடத்தைப் பிடித்தார்கள் என்றும் தர்ஸ்டன் நூலில் குறிப்பு இருக்கிறது. கிணற்றுக் கயிற்றைத் தொட்டால் தீட்டு. தேர் வடத்தைத் தொட்டால் தீட்டு இல்லை. ஏன்? கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க இரண்டு கை போதும். தேருக்கு ஆயிரம் கை வேண்டும். தேவை இருக்கும் இடத்தில் சாத்திரம் வளைந்து கொடுத்திருக்கிறது. தீட்டு என்பது இயற்கை விதி அல்ல, வசதிக்கேற்ப முடுக்கவும் தளர்த்தவும் கூடிய ஏற்பாடு என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

இழுப்பவர்கள் எல்லோரும் பக்தியால் வந்தவர்களும் அல்ல. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. அந்தக் காலத்தில் தேர் ஓடவேண்டியது சர்க்கார் பொறுப்பாகவும் ஆனது. ஊர்களிலிருந்து ஆட்களைக் கட்டாயமாக வரவழைத்துத் தேர் இழுக்க வைத்தார்கள். இதை எதிர்த்து மிஷனரிகள் எழுதிய பிறகு, 1840களில் கம்பெனி அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியது. ஆக வடம் ஒருகாலத்தில் ஊழியத்தின் கயிறு. ஊழியத்தின் கயிறாக இருந்தவரை அதில் தீட்டு இல்லை.

பின்னர் அதே கயிறு வேறிடத்தில் மரியாதையின் கயிறாக நிற்கிறது. அதற்கு உதாரணம் கண்டதேவி. சிவகங்கை மாவட்டம் தேவகோட்டைக்கு அருகில், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். ஆனி மாதத்தில் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாடுகள். தேருக்கு நான்கு வடம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வடம். இங்கே வடத்தைப் பிடிப்பது என்பது இந்த நாட்டுக்கு நான் உரியவன், இந்த நாடு எனக்கு உரியது என்ற அறிவிப்பு. அதே நாடுகளில் வாழ்கிற, அதே வயல்களில் உழைக்கிற தலித் மக்களுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. வடம் மரியாதையாக மாறிய இடத்தில் தலித் கை தீட்டாகிறது. காஞ்சிபுரத்தில் தீட்டாகாத கை கண்டதேவியில் தீட்டாவதற்குக் கடவுளா காரணம்? இரண்டு ஊரிலும் இருப்பது ஒரே சாத்திரம்தானே?

1979இல் உஞ்சனையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டதை இந்த அவையில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னணியிலும் ஒரு திருவிழா இருந்தது. 1990களின் இறுதியில் கண்டதேவித் தேர் வடத்தைப் பிடிக்கும் உரிமையைக் கேட்டு தலித் இயக்கங்கள் எழுந்தபோது, சில ஆண்டுகள் தேரே ஓடவில்லை. வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2005இல் போலீஸ் காவலுக்கு நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய தலித்துகள் வடத்தைத் தொட்டார்கள். பிறகு தேர் பழுது, குடமுழுக்கு என்று பல காரணங்களால் நீண்ட ஆண்டுகள் தேர் நிலையிலேயே நின்றது. சுமார் 17 ஆண்டுகளுக்குப் பின் 2024 ஜூன் மாதம், பலத்த போலீஸ் பாதுகாப்போடு மீண்டும் ஓடியது. ஒரு கயிற்றைத் தொடுவதற்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

வழக்கமும் வழக்கும்

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு மரபு என்றும் பொருள், நீதிமன்றத் தகராறு என்றும் பொருள். திருவிழா வரலாற்றில் இந்த இரண்டும் பிரிக்க முடியாதவை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்பதே அங்கே தீர்ப்பின் அடிப்படை. அனுமதிக்காமல் இருந்தார்கள் என்பதே அனுமதிக்கக் கூடாது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோர் அ. வைத்தியநாத ஐயருடன் நுழைந்தார்கள். அந்த ஆண்டே அதைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, தலித்துகளும் பழங்குடிகளும் சமய ஊர்வலத்தில் கலந்துகொள்வதையோ, ஊர்வலம் நடத்துவதையோ தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோயில் கதவு திறந்து எழுபது ஆண்டு நெருங்கும்போதும் ஊர்வலம் என்ற சொல்லைத் தனியாகச் சட்டத்தில் சேர்க்கவேண்டிய தேவை இருந்தது. கதவு அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது, திறந்தார்கள். தெருவும் தேரும் ஊரின் கட்டுப்பாட்டில் இருந்தன, இருக்கின்றன. அதனால்தான் கோயிலுக்குள் நாம் போகலாம் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, தேர் உங்கள் தெருவுக்கு வராது, உங்களுக்கு மண்டகப்படி கிடையாது, வரி வாங்க மாட்டோம் என்கிறார்கள். வரி வாங்க மறுப்பதைக் கவனியுங்கள். வரி கொடுத்தவன் பங்காளி. பங்காளிக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடும்.

நாசிக் தேர்

வடம் பிடிப்பதற்கான போராட்டத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் அனுபவத்தை நாம் போதுமான அளவு பேசியதில்லை. நாசிக் காலாராம் கோயில் சத்தியாக்கிரகம் 1930 மார்ச் 2ஆம் நாள் தொடங்கியது. கோயில் கதவுகள் மூடப்பட்டன. ஒரு மாதத்துக்கும் மேலாக மக்கள் வாசலில் நின்றார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் ராம நவமித் தேர். இரு தரப்பிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து தேரை இழுக்கலாம் என்று சமரசம் ஏற்பட்டது. நம் மக்கள் வடத்தைப் பிடிக்கக் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கை வைப்பதற்கு முன்பே சாதி இந்துக்கள் தேரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பின்தொடர்ந்தவர்கள்மேல் கல் விழுந்தது. பலர் காயமடைந்தார்கள்.

பக்தர்கள் தங்கள் கடவுளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்தனிடமிருந்து தப்பி ஓடிய காட்சி அது. ஆண்டுக்கணக்கில் போராட்டம் நீடித்தும் கோயில் திறக்கவில்லை. 1934இல் தாதாசாகேப் கெய்க்வாட்டுக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார். சிலைகளை வணங்குபவர்களாக நம் மக்களை ஆக்குவதற்காக அவர் அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை. அவர்களுக்குத் தங்கள் நிலையை உணர்த்தவும் அவர்களை எழுப்பவும் அதுவே வழி என்று கருதியே தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13இல், இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956இல் நாகபுரியில் பௌத்தம் ஏற்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த அக்டோபர் 14, அசோக விஜயதசமி நாள். பண்டிகையை விட்டு வெளியேறும்போதும் அவர் நம்மை வெறுங்கையோடு விடவில்லை. வேறொரு பண்டிகையை நமக்குக் கொடுத்தார். இன்று தீட்சா பூமியில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அங்கே யாருக்கும் முதல் மரியாதை இல்லை. கூட்டத்தில் பெரும்பகுதி புத்தகக் கடைகளில் நிற்கிறது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம்மை விலக்கிய கடவுளின் தேரை நாம் ஏன் இழுக்கவேண்டும்? இழுக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இழுப்பதா, விடுவதா என்று முடிவெடுப்பவர்கள் நாமாக இருக்கவேண்டும் என்கிறேன். கடவுள் நம்பிக்கை உள்ள தலித்துக்கு வடம் பிடிக்கும் உரிமை வேண்டும். நம்பிக்கை இல்லாத தலித்துக்கு, பறை அடிக்க வா என்று கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லும் உரிமை வேண்டும். இரண்டும் ஒரே உரிமைதான். வடத்தைத் தொடாதே என்பவரும், பறையை அடி என்பவரும் பல ஊர்களில் ஒரே ஆள்தானே?

சுதந்திரம் என்ற சொல்

என் தாத்தாவிடமே திரும்புகிறேன். பழைய மிராசு ஆவணங்களைப் புரட்டியபோது ஒரு சொல் என்னை நிறுத்தியது. களத்துமேட்டில் விளைச்சல் அளக்கும்போது ஊர்ப் பணி செய்தவர்களுக்கு ஒதுக்கப்படும் பங்குக்கு அந்த ஆவணங்களில் பெயர் சுதந்திரம். வெட்டியானுக்கு இவ்வளவு சுதந்திரம், தலையாரிக்கு இவ்வளவு சுதந்திரம் என்று மரக்கால் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தாத்தா வாங்கிய மரக்கால் நெல்லும் அந்த வழியில் வந்ததுதான். அவர் அதை உரிமை என்று நம்பியதில் தவறு இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அளந்து கொடுக்கப்பட்ட சுதந்திரம் மட்டுமே இருந்தது. அப்பா வேண்டாம் என்று சொன்னதும் அந்த மரக்காலைத்தான். அளப்பவன் கையில் மரக்கால் இருக்கும்வரை அது சுதந்திரம் ஆகாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. திருவாரூர் யானையிலிருந்து மேலக்கோட்டை மூன்று நாள் வரைக்கும் நான் சொன்ன எல்லா உரிமைகளுக்கும் இது பொருந்தும். கொடுக்கப்பட்டது முறை. கேட்டுப் பெறுவதும், வேண்டாம் என்று மறுப்பதும் உரிமை.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. திருவாரூர் உரிமையை அதிகாரிகள் எழுதி வைத்ததால் இன்று நாம் பேசுகிறோம். உங்கள் ஊர்த் திருவிழாவை யாரும் எழுதவில்லை. இந்த ஆண்டு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேர் எந்தத் தெருவில் நுழைகிறது, எங்கே திரும்புகிறது? யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை? மண்டகப்படி யார் யாருக்கு? பறை அடிப்பவர் யார், எப்போது நிறுத்தினார்கள், நிறுத்தியபோது ஊர் என்ன செய்தது? உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். நாளைக்கு ஒரு தாசில்தார் முன்னாலோ நீதிபதி முன்னாலோ இதுதான் தொன்றுதொட்ட வழக்கம் என்று யாராவது சொல்லும்போது, அந்த வழக்கம் எப்போது தொடங்கியது, யாரால் மாறியது என்று எடுத்துக்காட்ட அந்த நோட்டு நம்மிடம் இருக்கவேண்டும். கமுதி வழக்கில் தோற்றது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊரில் அந்த வேப்பமரம் இன்னும் இருக்கிறது. தேர் இன்னும் அதற்கு முன்னால்தான் திரும்புகிறது. தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பறைக்கு இப்போது வெளியூரிலிருந்து செண்டை மேளம் வரவழைக்கிறார்கள். போன ஆண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று வட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த மனுவில் தெருவின் நீளம், அகலம், மின்கம்பி உயரம் எல்லாவற்றையும் அளந்து எழுதி, தேர் தாராளமாக வரலாம் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த மனுவின் நகல் ஒன்று என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. கீழே தேதியும் போட்டிருக்கிறேன்.